எண் இல்லாத நீல ஷூக்கள்

சறுக்கு விளையாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்ததும் வண்டுவின் அம்மா செய்த முதல் காரியம், கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் தவறவிட்டதுதான்.

"ஐயையோ!" என்றார். அதைக் குனிந்து எடுக்கக்கூட இல்லை.

வண்டு அம்மாவின் கைக்கு அடியில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வயது பத்து. எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். அதனால் வீட்டில் வண்டு என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த முனகல் இப்போது பட்டென்று நின்றது.

கவுண்டருக்குப் பின்னால் சுவர் நிறைய மர அலமாரி. அதில் சக்கரம் வைத்த ஷூக்கள் வரிசையாக இருந்தன. நேற்று முன்தினம் வரை அவை கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று பல நிறத்தில் கீறலும் அழுக்குமாகக் கிடந்தவை. இன்று அத்தனையும் ஒரே நீலம். கண் கூசும் நீலம்!

அவற்றின் முன்னால், அதே கூடத்தில் பெயிண்ட் வேலை செய்யும் அம்மாவின் தம்பி, வண்டுவின் மாமா, நின்றார். மூக்கில் ஒரு நீலப் பொட்டு, காதில் ஒரு நீலப் பொட்டு, முகம் கொள்ளாத சிரிப்பு.

"எப்படிக்கா இருக்கு? 'பழசை எல்லாம் பளபளன்னு ஆக்கு'ன்னு முதலாளி சொன்னார். ஆக்கிட்டேன்!"

"நம்பர் எங்கடா?" என்றார் அம்மா.

"என்ன நம்பர்?"

"ஒவ்வொரு ஷூவுக்கும் பின்னாடி வெள்ளையா எழுதி வச்சிருந்தேனே, அந்த நம்பர்!"

"ஓ, அதுவா? சுரண்டிச் சுத்தம் பண்ணிட்டுதான் பெயிண்ட் அடிச்சேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது பாரு."

"சரி, வரிசையாவது மாறாம வச்சியா?"

"அதுலதான் என் கைவண்ணமே இருக்கு! ஒரு பெருசு, ஒரு சின்னது, ஒரு பெருசு, ஒரு சின்னதுன்னு அலை மாதிரி அடுக்கியிருக்கேன். தள்ளி நின்னு பாருக்கா, கடல் மாதிரி இருக்கும்."

அம்மா தள்ளி நின்று பார்க்கவில்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவின் வேலை அந்தக் கவுண்டரில்தான். விளையாட வருகிறவர்கள் தங்கள் ஷூவைக் கழற்றிக் கொடுப்பார்கள். அம்மா அதை ஒரு மாடத்தில் வைத்துவிட்டு, "எத்தனாம் நம்பர்?" என்று கேட்பார். சொன்ன நம்பருக்குரிய சக்கர ஷூவை எடுத்துக் கொடுப்பார். தொழிற்சாலையில் பொறித்த எண்கள் எல்லாம் வியர்வையில் அழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அம்மா கையால் எழுதிய எண்கள்தான் மிச்சம் இருந்தன. இப்போது அவையும் போய்விட்டன.

"பத்து மணிக்கு ஒரு ஸ்கூல் பஸ் வருது" என்றார் அம்மா, மெல்லிய குரலில். "ஒரு வகுப்பே வருது."

மாமாவின் முகத்தில் இப்போது ஈயாடவில்லை.

அவருக்கும் விஷயம் தெரியும். சென்ற மாதம் ஒரு பையனுக்குச் சிறிய ஷூ மாறிப்போய் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. முதலாளி கவுண்டரைத் தட்டிச் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு பிள்ளை ஷூ சரியில்லன்னு என்கிட்ட வந்து நிக்கட்டும். கவுண்டருக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்."

இந்த வேலை போனால் அம்மா மறுபடியும் தொலைவிலுள்ள நூல் ஆலைக்குத்தான் போக வேண்டும். அங்கே வேலை செய்த காலத்தில் அவர் வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். வந்ததும் தூங்கிவிடுவார். அந்த நாள்களை நினைத்ததும் வண்டு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, எழுந்திரு. அளந்து பார்த்துடலாம்" என்றாள்.

அம்மாவின் பையில் தையல் நாடா ஒன்று இருந்தது. மூவரும் ஷூக்களைக் கீழே இறக்கினார்கள். நல்ல வேளையாக, ஜோடி மாறாமல் இருக்க மாமா கயிறுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்.

அம்மா ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் நாடாவை வைத்துச் சென்டிமீட்டரில் அளந்தார். "இருபத்தஞ்சு. இதுவும் இருபத்தஞ்சு. இந்தப் பக்கம் வை." மளமளவென்று வேலை நடந்தது. கூடத்தின் ஓரத்தில் சின்னதும் பெரிதுமாக நீலக் குவியல்கள் எழுந்தன.

"பாத்தியாக்கா, இதுக்குப் போய் அழுதுட்டிருந்தே!" என்றார் மாமா.

வண்டு குவியலையே பார்த்தாள். குவியலில் ஒரு ஜோடி அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஜோடி. உடைந்த சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மஞ்சள் சக்கரம் மாட்டியிருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் அவள் அதைத்தான் போட்டுக்கொள்வாள். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தும். அதன் அடிப்பாகமும் இருபத்தைந்துதான்.

அப்படியானால் அந்தக் குவியலில் எதைப் போட்டாலும் தனக்குச் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? வேறொரு ஜோடியை எடுத்துக் காலை நுழைத்தாள்.

பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அழுத்தித் தள்ளினாள். விரல்கள் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"அம்மா, நிறுத்து! இது தப்பு!"

"என்ன தப்பு?"

"வெளியே ரெண்டும் ஒரே நீளம். ஆனா உள்ளே இது ரொம்பச் சின்னது. இதுல பஞ்சு தடியா இருக்கு. என்னோடதுல மெல்லிசு. வீடு பெருசா இருந்தா மட்டும் போதுமா, சுவரே ரெண்டடி இருந்தா எங்கே உட்கார்றது?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். செய்த வேலை அத்தனையும் வீண். நேரமும் போய்விட்டது.

"அப்ப உள்ளே அளக்கலாம்" என்று மாமா நாடாவை ஷூவுக்குள் திணித்தார். நாடா உள்ளே போய் ஷூவின் மூக்கு நுனியில் முட்டி, வளைந்து, அவரைப் பார்க்கவே திரும்பி வந்தது. "முப்பத்தாறு!" என்றார்.

"அது யானைக் காலுடா!" என்றார் அம்மா. அவருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

வண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். வளையாத ஒன்று வேண்டும். ஆனால் ஷூவின் வாய் சின்னது. நீளமான குச்சி உள்ளே போகாது. குட்டையான குச்சி இரண்டு முனையையும் தொடாது. நீளவும் வேண்டும், குறுகவும் வேண்டும். அப்படி ஒரு குச்சி எங்கே இருக்கிறது?

மாமாவின் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில், பெயிண்ட் கலக்குகிற தட்டையான மரக்குச்சிகள் கட்டாகக் கிடந்தன.

"மாமா, இதுல ஒரு குச்சியைப் பாதியா உடைச்சுக் குடுங்க. ரப்பர் பேண்ட் இருக்கா?"

இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினாள். இழுத்தால் நீண்டது. தள்ளினால் குறுகியது. குறுக்கிய நிலையில் ஷூவுக்குள் விட்டு, ஒரு குச்சியை மூக்கு முட்டத் தள்ளினாள். இன்னொன்றைக் குதிகால் முட்ட இழுத்தாள். இரண்டும் சேரும் இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாய்த்து வெளியே எடுத்தாள். நாடாவில் வைத்துப் பார்த்தாள்.

மஞ்சள் சக்கர ஷூவுக்கு உள்ளே இருபத்திரண்டு. காலைக் கடித்த ஷூவுக்கு இருபது.

"அப்படிப் போடு!" என்று மாமா தொடையில் தட்டினார். தொடையில் நீலக் கை ஒன்று பதிந்தது.

"அளந்துட்டோம், சரி" என்றார் அம்மா. "ஆனா இருபத்திரண்டுன்னா எத்தனாம் நம்பர்? அது தெரியலியே."

வண்டு தன் காலைத் தரையில் வைத்து அளந்தாள். இருபத்தொன்று. ஷூ அதைவிட ஒரு சுண்டுவிரல் அகலம் கூடுதல்.

"நம்பரே வேண்டாம்மா. வர்றவங்க காலை அளப்போம். அதோட ஒண்ணு கூட்டி ஷூவைக் குடுப்போம்."

அம்மா ஒரு நொடி அவளையே பார்த்தார். அடுத்த நொடி முக்காலி ஓரத்துக்குப் போனது. மாமா இன்னும் இரண்டு அளவுக்குச்சிகள் செய்தார். சுவரோரம் பெயிண்ட் படாமல் ஒட்டுகிற காகித டேப்பைக் கிழித்து, அளவை எழுதி, ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டே போனார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். மாமாவின் கை ஷூவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அதை உருவி எடுக்க ஒருவர் தேவைப்பட்டார்.

கடைசி ஜோடியை அலமாரியில் வைத்தபோது வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டீச்சர். டீச்சருக்குப் பின்னால், வழக்கத்துக்கு முன்னதாகவே, முதலாளி.

அவர் அலமாரியைப் பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு நெற்றி சுருங்கியது.

"நம்பர் எங்கேம்மா?"

அம்மா ஒளிக்கவில்லை. "பெயிண்ட்ல போயிடுச்சு ஐயா. ஆனா ஒவ்வொண்ணையும் உள்ளே அளந்து வச்சிருக்கோம். பிள்ளைங்க காலையும் அளந்துதான் குடுக்கப் போறோம்."

"இது ஷூ குடுக்கிற இடமா, தையல் கடையா?" முதலாளி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர் முன்னாடி எதுவும் பேச வேண்டாம்னு பார்க்கிறேன். நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? ஒரே ஒரு பிள்ளை."

அவர் கூடத்தின் ஓரத்து பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வண்டு சுவரோரம் தரையில் காகித டேப்பை நீளவாக்கில் ஒட்டி, எண்களை எழுதினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து குதிகாலைச் சுவரில் முட்டி நின்றார்கள். அவள் கட்டைவிரல் தொடும் எண்ணைச் சொன்னாள். அம்மா ஒன்று கூட்டிக் கூவினார். மாமா ஷூவை எடுத்து நீட்டினார்.

"ரெண்டு காலையும் அளக்கணுமா வண்டு?" என்றார் அம்மா.

"ஒண்ணு போதும்மா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"என் கால் எவ்வளவு?" "என்னைவிட அவன் கால் நீளம்!" "ஏய், விரலை நீட்டாதே, ஏமாத்தாதே!" என்று ஒரே கூச்சல். வரிசையின் கடைசியில் மட்டும் ஒரு பையன் பேசாமல் நின்றான். தலையில் ஒரு பழைய தொப்பி. தன் முறை வந்ததும் வலது காலை மட்டும் சட்டென்று வைத்து, சட்டென்று எடுத்துக்கொண்டான். இருபத்திமூன்று.

சக்கரங்கள் உருளும் ஓசை கூடத்தை நிறைத்தது.

வண்டு கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். ஒரு பெண் விழுந்தாள். முதலாளி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுந்து ஓடினாள். முதலாளி உட்கார்ந்தார். இருவர் மோதிக்கொண்டு விழுந்தார்கள். முதலாளி மறுபடியும் எழுந்தார்.

"விழாம பிள்ளைங்க எப்படிங்க கத்துக்கும்?" என்றார் டீச்சர்.

"இல்ல, ஷூ..." என்று இழுத்தார் முதலாளி.

அப்போதுதான் அது நடந்தது.

தொப்பிக்காரப் பையன் திரும்ப முயன்றான். அவன் இடது கால் ஒரு பக்கம் போனது, ஷூ வேறு பக்கம் போனது. 'தொம்' என்று உட்கார்ந்த நிலையில் விழுந்தான். கழன்ற ஷூ தன்பாட்டுக்கு உருண்டது. கூடத்தின் குறுக்கே, யார்மேலும் இடிக்காமல், அழகாக ஒரு வளைவு எடுத்து, நேராகப் போய் முதலாளியின் காலில் 'டக்' என்று முட்டி நின்றது.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

முதலாளி ஷூவைக் கையில் எடுத்தார். "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வண்டு ஓடிப்போய்ப் பையனின் பக்கத்தில் மண்டியிட்டாள். "அடிபட்டுச்சா?"

இல்லை என்று தலையசைத்தான். ஆனால் இடது காலை வலது காலுக்கு அடியில் மறைத்துக்கொண்டான். "கயிறை நான்தான் சரியாக் கட்டல" என்றான் அவசரமாக. கயிறு நன்றாகத்தான் கட்டியிருந்தது.

வண்டு எழுந்து கவுண்டருக்குப் போனாள். மாடத்தில் அவனுடைய சொந்த ஷூ இருந்தது. இடது ஷூவுக்குள் விரலை விட்டாள். மூக்கில் ஒரு துணிச் சுருள் கெட்டியாகத் திணித்திருந்தது. வலது ஷூவில் ஒன்றும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு காலும் ஒரே அளவு இல்லை. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

முதலாளி கவுண்டருக்கு வந்து ஷூவை வைத்தார். "என்ன ஆச்சு? எனக்கு இப்பவே தெரியணும்."

பையன் தரையிலிருந்து வண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வகுப்பு முழுவதும் அவனைச் சுற்றி நின்றது. காரணத்தைச் சொன்னால் அம்மா மேல் பழி வராது. ஒரே ஒரு வாக்கியம் போதும்.

வண்டு முதலாளியை நிமிர்ந்து பார்த்தாள். "நான்தான் அவசரத்துல சரியா அளக்கல. அம்மா ரெண்டு தடவை பார்க்கவான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். இப்ப மாத்திக் குடுத்துடறேன் ஐயா. அதுக்கப்புறமும் சரியா இல்லேன்னா அம்மாவைத் திட்டுங்க."

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு கவுண்டர் முன்னால் நின்றார். அங்கிருந்து நகரவில்லை.

வண்டு பையனைக் கவுண்டருக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அலமாரி மறைவில் அவர்கள் இருவரும் மட்டும்தான்.

"இடது காலை வை" என்றாள், மெதுவாக.

அவன் தயங்கினான். பிறகு வைத்தான். இருபத்தொன்று.

வண்டு இருபத்திரண்டு என்று ஒட்டியிருந்த ஜோடி ஒன்றை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, இடது ஷூவை மட்டும் நீட்டினாள்.

அவன் கிசுகிசுத்தான். "போன தடவை வேற இடத்துல இப்படித்தான் குடுத்தாங்க. ஒரு காலுக்கு ரெண்டு, ஒரு காலுக்கு நாலுன்னு பின்னாடி பெருசா எழுதியிருந்துச்சு. அங்கே இருந்தவங்க எல்லாரும் என்னை 'ரெண்டும் நாலும் ஆறு'ன்னு கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நான் விளையாடவே போகல. இது வெளியே தெரியுமா?"

"எங்க மாமா அடிச்ச பெயிண்ட்ல எதுவுமே தெரியாது. நாங்களே காலையிலேருந்து தேடிக்கிட்டிருந்தோம்!"

அவன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்தான். ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி. நின்று, இரண்டு குதிகாலையும் மாறி மாறித் தரையில் தட்டிப் பார்த்தான். பிறகு கவுண்டரைத் தாண்டிக் கூடத்துக்குள் உருண்டு போனான்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.

பையன் முதல் திருப்பத்துக்கு வந்தான். விழுந்த அதே இடம். உடம்பைச் சாய்த்தான். ஷூ காலோடு ஒட்டிக்கொண்டு திரும்பியது. நிற்காமல் அடுத்த சுற்று. அதற்கும் அடுத்த சுற்று. தொப்பி பறந்து விழுந்தது. அவன் அதை எடுக்கக்கூட நிற்கவில்லை.

"மாமா, கண்ணைத் திறங்க" என்றாள் வண்டு.

பிள்ளைகள் கிளம்பும் நேரம் வந்ததும் டீச்சர் முதலாளியிடம் வந்தார். "போன வருஷம் இன்னொரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பும்போது பஸ்ஸெல்லாம் கால் வலின்னு ஒரே அழுகை. இன்னைக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல. அடுத்த மாசம் பக்கத்து வகுப்பையும் அனுப்பலாமா?"

"தாராளமா அனுப்புங்க" என்றார் முதலாளி. பஸ் போனதும் அம்மா பக்கம் திரும்பினார். "ஏம்மா..."

அம்மா கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வண்டு அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து கால் அளக்கிற அந்த வழக்கத்தை விட்டுடாதீங்க. பிள்ளைங்களுக்கும் அது ஒரு விளையாட்டா இருக்கு. ரெண்டு காலையும் அளங்க. ஒரு காலோட நிறுத்தினதைப் பார்த்தேன், அது வேண்டாம்."

"சரிங்க ஐயா" என்றார் அம்மா. பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"அந்த அளவை எல்லாம் ஷூவுக்குப் பின்னாடி பெரிய எழுத்துல எழுதிடுங்க. தூரத்திலேருந்தே தெரியணும்."

"பின்னாடி வேண்டாம் ஐயா!" என்றாள் வண்டு.

முதலாளி புருவத்தை உயர்த்தினார். "ஏன்?"

வண்டு ஒரு கணம் யோசித்தாள். உண்மையான காரணம் இப்போதுதான் பஸ் ஏறிப் போயிருந்தது. அதைச் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை.

"உள்ளே நாக்குலயே எழுதிடலாம் ஐயா. பின்னாடி எழுதினா எங்க மாமா மறுபடியும் அழுக்குன்னு நினைச்சு பெயிண்ட் அடிச்சுடுவார்."

முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமா தன் நீலக் காதைத் தடவிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து முதல் முறையாக முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, உள்ளேயே எழுதுங்க" என்றார்.

வண்டு பேனாவை எடுத்தாள். இருபத்திரண்டு என்ற ஜோடியில் இடது ஷூவை முதலில் எடுத்து, நாக்கைத் திருப்பி, வெளியே துளிகூடத் தெரியாதபடி எழுதத் தொடங்கினாள்.